அப்பாவின் ஒரே புகார்

மார்ச் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. நல்ல வழவழப்பான தாள், அளவாகக் கோடு போட்டது. படிக்கிற பிள்ளை யார் கையிலாவது கிடைத்திருந்தால் இந்த நோட்டு உருப்பட்டிருக்கும். தங்கச்சி தனக்கென்று வாங்கி, அட்டை நிறம் பிடிக்கவில்லை என்று என் தலையில் கட்டிவிட்டாள். எழுதி வைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

இன்று காலை ஓட்டலில் லிஃப்ட் கதவு என் தோளில் இடித்தது. நான் லிஃப்டிடம் "சாரி" சொன்னேன். உள்ளே ஆள் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. காலி லிஃப்ட்.

துணிக்கூடையோடு நின்றிருந்த லாண்டரி அக்கா பார்த்துவிட்டாள். "அது என்ன சொல்லுச்சு? போனாப் போகுதுன்னுச்சா?" என்று கேட்டாள். அவளிடமும் சாரி சொன்னேன்.

யாரிடமாவது இதையெல்லாம் சொல்லாவிட்டால் அடுத்து சுவரிடமும் சாரி கேட்பேன்.

மார்ச் 4, புதன்

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவரை எனக்கு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. அப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "மேனேஜருக்கு அடுத்த ஆள்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வேனில் ஸ்டியரிங்குக்கு மேலே நான் பட்டம் வாங்கிய படம் — கறுப்பு அங்கி, தலையில் தட்டைக் கவிழ்த்த மாதிரித் தொப்பி. வேனில் வரும் ஒரு குட்டிப் பெண், "அங்கிள், இவங்க ஜட்ஜா?" என்று கேட்டாளாம். அப்பா இல்லை என்று சொல்லவில்லையாம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கல்லூரிக்குள் போனது ஒரே ஒருவர்தான். மாமா. பெயின்ட் அடிக்க.

ரிசப்ஷன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை வீட்டில் நான் சொன்னதில்லை.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் வாசனை. அவர் பூசும் சென்ட் அவருக்கு முன்னால் வந்து வருகையை அறிவிக்கும். "வாசனை வருது" என்று யாராவது முணுமுணுத்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துகொள்ள வேண்டும், சாப்பிடுகிறவர்கள் விழுங்கிவிட வேண்டும்.

ஓட்டலில் எது தப்பாகப் போனாலும் — சூப்பில் உப்பு கூடினாலும், வெந்நீர் வராவிட்டாலும், பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டாலும் — வாசனை அதைச் சரிசெய்ய மாட்டார். வாக்கி-டாக்கியில் கூப்பிடுவார்: "ரிசப்ஷன், மூணாம் மாடிக்கு ஒரு சமாதானம்."

சமாதானம் என்றால் நான்தான்.

பெட்டிகள் வைக்கும் அறையில் எனக்காக ஆணியில் உடைகள் தொங்குகின்றன. சமையல் ஏப்ரன், தொப்பி. லாண்டரி கோட்டு. எலெக்ட்ரீஷியன் சட்டை, அக்குளில் கிழிந்தது. எந்தப் பிரிவில் தப்போ அந்த உடையை மாட்டிக்கொண்டு போய்த் தலைகுனிந்து நிற்பேன். வாசனை என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் சார்" என்பார். திட்டுவார். கடைசியில், "இந்த நிமிஷத்திலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல, வெளிய போ." கெஸ்ட்டின் கோபம் அடங்கிவிடும். சிலர் பயந்தே போவார்கள். நான் எல்லோரும் பார்க்கும்படி முன்வாசல் வழியாக மெதுவாக வெளியேற வேண்டும். அப்புறம் கட்டடத்தைச் சுற்றி வந்து, லாண்டரி வழியாக உள்ளே நுழைந்து, உடை மாற்றி, ரிசப்ஷனில் நின்று, "வணக்கம், நல்வரவு."

எத்தனை முறை வேலை போயிருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறந்து விடும்போது, "இன்னைக்கு என்ன பாப்பா, கிச்சனா கரண்ட்டா?" என்று விசாரிப்பார்.

மார்ச் 6, வெள்ளி

ஏன் நான்? வேலைக்குச் சேர வந்த அன்று வாசனை என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உன் முகத்துல இயற்கையாவே ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும்மா. இது எல்லாருக்கும் அமையாது" என்றார். நான் "தேங்க்ஸ் சார்" சொன்னேன். பாராட்டு என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "முகராசி நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்று சொன்னேன். அம்மா திருஷ்டி கழித்தாள்.

பயிற்சியும் கொடுத்தார். கெஸ்ட்டின் கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் திமிர் என்று தோன்றும். செருப்பை மட்டும் பார்க்க வேண்டும். அதனால் நான் திட்டு வாங்கிய யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. செருப்பைக் காட்டினால் அவர் எதற்குக் கத்தினார் என்று சொல்லிவிடுவேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று துண்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். ஓட்டல்களுக்குத் துண்டும் படுக்கை விரிப்பும் விற்கிறவர். மாதாமாதம் வந்து தங்குவார். போன மாதம் அவருடைய ஆம்லெட்டில் முட்டை ஓடு கிடந்ததற்கு நான் சமையல்காரியாக வேலை இழந்தேன். இன்று காலை அவர் சட்டையை இஸ்திரிப்பெட்டி கருக்கியதற்கு லாண்டரிக்காரியாக. வாசனைக்கு ஆள் நினைவே இருப்பதில்லை.

சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், என்னைப் பார்த்தார்.

"நீங்க போன மாசம் கிச்சன்ல..."

"அது எங்க அக்கா சார்."

"காலைல லாண்டரியில?"

"அது சித்தி பொண்ணு சார்."

மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்க குடும்பத்துல ஒருத்தருக்குக்கூட ஒரு வேலை நிலைக்காதா?"

சாரி சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து, அதன்மேல் தன் முகவரி அட்டையை வைத்து, "வீட்டுல கொடும்மா, கஷ்டத்துல இருக்கீங்க" என்று நீட்டினார். நல்ல கனமான துண்டு. அம்மா அது எங்கள் ஓட்டல் கொடுத்த பரிசு என்று பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்தாள்.

மார்ச் 11, புதன்

இன்று இரண்டு சமாதானம். இரண்டாவதில் கெஸ்ட் என் பக்கம் பேச வந்தார். அவரையும் வாசனை சமாதானப்படுத்தினார்.

மார்ச் 12, வியாழன்

தலையில் இடி.

அப்பாவின் பள்ளி வேன் ஓட்டுநர் சங்கம் ஞாயிற்றுக்கிழமை விருந்து வைக்கிறது. எங்கே? எங்கள் ஓட்டல் கீழ் ஹாலில். அப்பா சொல்லித்தான் முடிவாயிற்றாம். "நம்ம பொண்ணு ஓட்டல் இருக்கும்போது வேற எங்க போறது?" என்று தலைவரே சொன்னாராம். அதைச் சொல்லும்போது அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

தங்கச்சி வாலு இருக்கிறாளே, "அப்பா, அங்க போய் எதுவும் குறை சொல்லிடாதீங்க" என்று கேலி செய்தாள். வீடே சிரித்தது. ஏனென்றால் அப்பா பிறந்ததிலிருந்து எதையும் குறை சொன்னதில்லை. சோறு குழைந்தால், "பல்லுக்கு நல்லது." வேகாவிட்டால், "வயித்துல நிக்கும்." இடது செருப்பு வார் அறுந்து தைக்கக் கொடுத்தார், கறுப்புச் செருப்பில் நீல நூல் போட்டுத் தைத்துவிட்டார்கள். "ராத்திரியில தெரியாது" என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா வேன் ஓட்டுவது பகலில்.

எனக்கு இந்த முகம் எங்கிருந்து வந்தது என்று அம்மா தேடவே வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி

வாசனையிடம் ஞாயிறு லீவு கேட்டேன். அப்பா வருவதைச் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றுவலி வரும்போல இருக்கிறது என்றேன். வருவதற்கு முன்பே எப்படித் தெரியும் என்று கேட்டார். சாரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஹாலில் விருந்து நடக்கும் நாளில் சமாதானம் இல்லாமல் எப்படி என்று அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

மார்ச் 15, ஞாயிறு

எழுத வரல. எழுதாம இருக்கவும் முடியல.

அப்பா மதியம் வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். ரிசப்ஷனைத் தாண்டும்போது தெரியாதவரைப் போல என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பெரிய இடத்தில் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்திருப்பார். இரண்டடி தள்ளிப் போய்க் கூட வந்தவர்களிடம் கிசுகிசுத்தார். அத்தனை வேன்காரர்களும் திரும்பி எனக்கு வணக்கம் வைத்தார்கள். நானும் வைத்தேன். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் நினைத்தேன் — இன்னும் கொஞ்ச நேரம்தான், தப்பிச்சிடுவேன்னு.

வாக்கி-டாக்கி. "ரிசப்ஷன், கீழ் ஹாலுக்கு ஒரு சமாதானம். கிச்சன். சீக்கிரம், அடுத்த வருஷமும் இவங்க வரணும்."

அந்த ஹாலில் எத்தனை பேர். குறை சொன்னது யாராவது தடித்த குரல்காரராக இருக்கும், அப்பா பின்னால் எங்காவது உட்கார்ந்திருப்பார், தொப்பியைப் புருவம் வரை இழுத்துக்கொண்டால் தெரியாது — இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே ஏப்ரனைக் கட்டினேன். தலையைக் குனிந்து போனேன். வாசனையின் பளபளக்கிற பூட்ஸ் நின்ற இடத்தில் நானும் நின்றேன். எதிரே மேசைக்கடியில் கெஸ்ட்டின் கால்.

கறுப்புச் செருப்பு. இடது வாரில் நீல நூல்.

அதுக்கப்புறம் வாசனை சொன்னது எதுவும் புதுசில்ல. இவதான் சார் டீ போட்டது. ஆறின டீயைக் கொண்டுவந்து வைக்க எவ்வளவு தைரியம். பெரியவங்க இருக்கிற சபை. இந்த நிமிஷத்திலேருந்து இவளுக்கு இங்க வேலை இல்ல.

பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஏய், இது உன்..." என்று ஆரம்பித்தது. நீல நூல் போட்ட செருப்பு நகர்ந்து அந்தக் குரலின் காலை மிதித்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். பார்த்துட்டேன்.

அப்பா எழுந்து நின்றார். கையில் டீ.  "ஐயோ சார், டீ சூடாத்தான் இருக்கு. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு — ஊதினார். அந்த ஆறிப்போன டீயை, எல்லோரும் பார்க்க, ஃபூ ஃபூ என்று ஊதி ஊதி, நாக்கு சுட்டுவிட்ட மாதிரி முகத்தைச் சுளித்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

"மன்னிச்சிருங்க சார்" என்றார். வாசனையிடம்.

அது நான் சொல்ற சாரி. அதே குரல். அதே மாதிரி தோளைச் சுருக்கிக்கிட்டு.

வாசனைக்குக் குஷி. "சார் பெரிய மனசு. உங்களுக்காக நான் மன்னிக்கலாம், ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே. போம்மா வெளிய" என்றார்.

போனேன். முன்வாசல். வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறந்தார், வழக்கம்போலக் கேட்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். சுவர் முடிகிற இடத்தில் இடது பக்கம் திரும்பினால் லாண்டரிக் கதவு. நான் திரும்பவில்லை. நேராக நடந்து, வண்டிகள் நிறுத்துகிற இடம் வரை போய், அப்பா வேனில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஏப்ரன், தொப்பியோட. எதிரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஜட்ஜ் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ தொப்பி அவளுக்கு அளவாத்தான் இருந்துச்சு.

மார்ச் 16, திங்கள்

நேற்று விருந்து முடிந்து அப்பா வந்து வேனை எடுத்தார். வீட்டு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்தபடியே, "நான் ஒண்ணும் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். சங்கத்துக்காரர்கள் உசுப்பேற்றி விட்டார்களாம். உன் பொண்ணு ஓட்டல், நீ சொன்னா ஆடிப்போயிடுவாங்க, சொல்லித்தான் பாரேன் என்று. அப்பாவுக்கும் ஒரு ஆசை. சர்வரைக் கூப்பிட்டு, "டீ கொஞ்சம் ஆறின மாதிரி இருக்கு தம்பி, எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ" என்றாராம்.

வாழ்க்கையில் செய்த முதல் புகார். அதிலும் பாதிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு. அதற்குப் பெற்ற பெண்ணுக்கு வேலை போய்விட்டது என்று நம்புகிறார்.

இன்று காலை பார்த்தால் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பை நிறையப் பழத்தோடு நிற்கிறார். வாசனை வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது கேட்கப் போகிறாராம்.

வேறு வழியில்லை. வாசலை மறித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சமாதானம், ஆணியில் தொங்கும் உடை, முன்வாசல், பின்வாசல், எல்லாம். நான் அவ்வளவு நீளமாக இந்த வீட்டில் பேசியதே இல்லை. நடுவில் வாலு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இத்தனை வாட்டி வேலையை விட்டு நிறுத்தினானா? அப்போ அவனுக்கு அந்த வேலைகூட ஒழுங்காச் செய்யத் தெரியலயே."

வாலு ஏப்ரனை மாட்டிக்கொண்டு நடித்துக் காட்டச் சொன்னாள். அம்மா சிரித்தாள். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அப்பா சிரிக்கவில்லை. பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ டீ நிஜமாவே ஆறித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார். அவ்வளவுதான். வேனை எடுக்கப் போய்விட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

பழம் தின்று தீரவில்லை.

மார்ச் 19, வியாழன்

வாசனை போன் செய்தார். ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார்.

நீங்கள்தானே நிறுத்தினீர்கள் என்றேன். அது சும்மாதானே என்றார். எனக்குத் தெரியாது சார், எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். வாலு பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் போனுக்கு முன்னால் எழுந்து நின்றிருப்பேன்.

கடைசியில் அவர், "சரி, கிச்சன் தொப்பியும் ஏப்ரனும் உன்கிட்டதானே இருக்கு? அதையாவது கொண்டுவந்து கொடு" என்றார். அது நியாயம்தான்.

லாண்டரி அக்காவும் பேசினாள். நான் போனதிலிருந்து வாசனை பாடாய்ப் படுகிறாராம். வாட்ச்மேன் அண்ணனை சமாதானமாக அனுப்பினாராம். அவருடைய மீசையைப் பார்த்து அறையில் தங்கியிருந்த பெண் கதவைப் பூட்டிக்கொண்டாளாம். அடுத்து லாண்டரி அக்காவையே கூப்பிட்டாராம். "இவதான் மேடம் பெட்ஷீட்டுல கறையை விட்டது" என்றதும், அக்கா, "நானா? புது மெஷின் வாங்கித் தாங்கன்னு கேட்டு வாய் வலிச்சுப் போச்சு மேடம், இந்த ஆளைக் கேளுங்க" என்றாளாம். அந்த மேடம் வாசனையைத்தான் கேட்டாளாம். அரை மணி நேரம்.

மார்ச் 21, சனி

அம்மா ஏப்ரனைத் துவைத்து, தொப்பிக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து தந்தாள். அந்த ஓட்டலுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தொப்பி நேராக நின்றது இதுதான் முதல் தடவை.

வாசனை அறைக்குள் உட்காரச் சொன்னார். இத்தனை நாளில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை, மெத்தென்று இருந்தது. உனக்கு இங்கே என்ன குறை என்று கேட்டார். அன்றைக்கு நின்றது என் அப்பா என்றேன். யார் என்றார். டீ என்றேன். எந்த டீ என்றார். அவருக்கு நினைவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. நான் ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் பல சமாதானங்களில் ஒன்று.

புதுப் பதவி தருகிறேன் என்றார். 'விருந்தினர் நல்லுறவு அதிகாரி.' வேலை என்ன சார் என்று கேட்டேன். அதேதான், ஆனால் பெயர்ப்பட்டை உண்டு என்றார்.

அந்த நேரம் பார்த்து வாக்கி-டாக்கி கரகரத்தது. இரண்டாம் மாடியில் சோப்பில் யாரோ முடியைப் பார்த்துவிட்டார்கள். வாசனை என்னை அப்படிப் பார்த்தார் — நிஜமான ஆசையோடு. "கடைசியா ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடும்மா. உன் முகம் மாதிரி வராது."

சொன்னால் வெட்கம். நான் எழுந்துவிட்டேன். கால் தானாகவே பெட்டி அறைப் பக்கம் திரும்பியது. கையில் அந்தத் தொப்பி வேறு. அதை அவர் மேசையில் வைத்தேன். கஞ்சியின் புண்ணியத்தில் அது விறைப்பாக நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, "முடியாது சார்" என்றேன். கீச்சென்று வந்தது. எலி மாதிரி. ஆனால் வந்தது.

சாரி சொல்லவில்லை. வெளியே வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

முன்வாசலில் வாட்ச்மேன் அண்ணன், "இன்னைக்கு எந்த டிபார்ட்மென்ட்டு பாப்பா?" என்று கேட்டார்.

"என் டிபார்ட்மென்ட்டுதான் அண்ணா. நானே நிறுத்திக்கிட்டேன்."

கதவை அகலத் திறந்து, காரில் வருகிறவர்களுக்கு வைக்கிற சல்யூட்டை எனக்கு வைத்தார்.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டில் இருக்கிறேன். அத்தை போன் செய்து, "ஏண்டி, மேனேஜருக்கு அடுத்த ஆள் வீட்ல இருந்தா மேனேஜர் தனியா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டாள். அப்பா போனை வாங்கி, "அவளா விட்டுட்டா, அக்கா" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அப்பா சரியாக இல்லை. முன்பாவது குழைந்த சோற்றுக்கு ஒரு சமாதானம் சொல்வார். இப்போது அதுவும் இல்லை, எதைப் போட்டாலும் "நல்லா இருக்கு", எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கு." வாலுவுக்குச் சந்தேகம் வந்து, இன்று காலை அவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு வைத்தாள். நாங்கள் இருவரும் கதவிடுக்கில் நின்று பார்த்தோம். ஒரு வாய் குடித்தார். நின்றார். இன்னொரு வாய். முழுசும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார்.

வாலு சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இன்னொரு நாள்.

ஏப்ரல் 6, திங்கள்

துண்டுக்காரர் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று வாலுவோடு ஒத்திகை பார்த்துவிட்டுத்தான்.

"சார், எனக்கு அக்காவும் இல்ல, சித்தி பொண்ணும் இல்ல. எல்லாம் நான்தான்."

 மூச்சு முட்டச் சிரித்தார். அந்த முட்டை ஓட்டுக்காக ஒரு பெண் வேலையை இழந்தாள் என்று அன்றிலிருந்து ஆம்லெட்டே சாப்பிடவில்லையாம்.

அவரிடம் துண்டு வாங்கும் ஒரு அம்மா சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறாராம். ஆள் வேண்டுமாம்.

ஏப்ரல் 8, புதன்

விடுதி அம்மா தோட்டத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டார். ரூமில் குழாய் ஒழுகுது, கெஸ்ட் கத்துறாரு, நீ என்ன செய்வே?

"குழாயை மூடுவேன்மா. அப்புறம் சரி பண்ற ஆளைக் கூப்பிடுவேன்."

"மன்னிப்புக் கேக்க மாட்டியா?"

"கேப்பேன். ஆனா முதல்ல குழாய்."

அவர் சான்றிதழ்களை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இங்கே ரிசப்ஷனில் நாற்காலி இருக்கிறது. நேற்று முழுக்க அதன் பக்கத்தில் நின்றேன். மதியம் விடுதி அம்மா, "அது கடிக்காது" என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஐந்தாம் அறைக்காரர் தலையணை கல் மாதிரி இருக்கிறது என்று சத்தம் போட்டார். கால் தானாகத் துணி மாற்ற இடம் தேடியது. மாற்ற உடை இல்லை. அவர் செருப்பைப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, முகத்தைப் பார்த்தேன். கோபக்காரர் மாதிரியே இல்லை. கழுத்து வலிக்கிற மனிதர். தலையணையை மாற்றிக் கொடுத்தேன். தேங்க்ஸ் என்றார். இவ்வளவுதானா விஷயம்?

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று அப்பா விடுதிக்கு வந்தார். சும்மா, இந்தப் பக்கம் வந்தேன் என்றார். இந்தப் பக்கம் அவருக்கு ஒரு சவாரியும் கிடையாது. அதே வெள்ளைச் சட்டை. வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார்; போட்டுக்கொண்டே வரலாம் என்று சொல்லி உள்ளே கூட்டிவந்தேன். விடுதி அம்மா அவரை ஜன்னலோர மேசையில் உட்கார வைத்தார். நானே டீ கொண்டுபோய் வைத்தேன்.

குடிக்க எடுக்கும்போது துண்டுக்காரர் வந்து சேர்ந்தார். நீ சொன்னாயே, டீக்கு ஊதினவர் இவர்தானா என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. ஆம்லெட் கதை, கருகின சட்டை கதை, அக்கா, சித்தி பொண்ணு — எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அப்பா சிரித்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன். நான் ரிசப்ஷன் மேசையில் — நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு — அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் ஆவி அடங்கியது. ஆடை படிந்தது. நான் போய் மாற்றவில்லை. வேண்டுமென்றேதான் மாற்றவில்லை.

துண்டுக்காரர் தன் அறைக்குப் போன பிறகு அப்பா கப்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். தொண்டையில் ஒரு கணம் நின்றது, எனக்குத் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"டீ எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா." என்னைப் பார்த்தார். அப்புறம் யாராவது வருகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். கப்பை மறுபடி வாயருகே கொண்டுபோய் லேசாக ஊதத் தொடங்கினார்.

நான் அவர் கையோடு சேர்த்துக் கப்பைப் பிடித்துக் கீழே இறக்கினேன். இத்தனை நாளாக வாய் வரைக்கும் வந்து நின்றது, இன்று கேட்டுவிட்டேன்.

"அப்பா, இங்க யாருக்கும் வேலை போகாது. டீ ஆறிப் போச்சுன்னு சொல்லுங்கப்பா. எனக்காக ஒரு தடவை."